துடிக்கும் இறால்

கூடத்தில் இருந்த உப்புத்தண்ணீர்த் தொட்டியில் ஒரு சிங்கமீன் வளர்ந்தது. உயிரோடு துள்ளும் இறாலைத்தான் தின்னும். செத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் அதே செத்த இறாலைக் குச்சியில் குத்தி பெர்க்மான்ஸ் நீட்டினால் மட்டும் லபக்கென்று விழுங்கிவிடும். அவர் மனைவி ரெஜினாவும் குச்சியை எப்படியெல்லாமோ ஆட்டிப் பார்த்தாள். மீன் ஏமாறவில்லை.

"உங்க கையில அப்படி என்னதாங்க இருக்கு?" என்பாள். அவர் சிரிப்பார்.

கைநடுக்கத்துக்கு டாக்டர் புது மாத்திரை கொடுத்த வாரத்தில்தான் அவளுக்கு விளங்கியது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக பெர்க்மான்ஸ் தன் சட்டைப் பித்தானைத் தானே மாட்டிக்கொண்டார். குச்சி நுனியில் இறாலும் அசையாமல் கிடந்தது. மீன் நான்கு நாள் பட்டினி.

ஐந்தாம் நாள் காலை மாத்திரைக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவள் வந்தபோது, குச்சி பிடித்த அவர் வலக்கை பழையபடி நடுங்கிக்கொண்டிருந்தது. இறால் உயிர் வந்ததுபோல் துடிக்க, மீன் செட்டைகளை விரித்துக்கொண்டு பாய்ந்தது.

"மாத்திர போட்டாச்சா?"

"ம்."

அவருடைய இடக்கை இறுக மூடியிருந்தது. ரெஜினா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னும் எத்தன இறால் பாக்கி இருக்கு?" என்று கேட்டாள், டம்ளரைக் கீழே வைக்காமல்.