மூன்று பெயர்ப் பூச்சி

"இது புதுசுண்ணே. சேலத்துக்காரங்க குடியிருக்கிற லயத்துல இதுக்கு ரயில் பூச்சின்னு பேரு."

மருதம்மாள் ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். உள்ளே, பின்பக்கம் கால்கள் உதிர்ந்த ஒரு மரவட்டை சுருண்டு கிடந்தது. முந்தாநாள் அது மரவட்டை. நேற்று, நாகர்கோவில் குடும்பத்தார் சொல்லிக் கொடுத்தபடி தேரட்டை.

பூச்சிகளைப் பெயரோடு எழுதிச் சேர்க்கும் ஜப்பான் அதிகாரி நோட்டிலிருந்து நிமிர்ந்தார். "நேற்று வந்ததுதானே இது?"

"இல்லை, இது வேறு சாதி" என்று ஜப்பான் மொழியில் கூசாமல் புளுகினார், அவருக்கு மொழிபெயர்க்கும் தோட்டத்துக் கணக்கர், கிராணி பரஞ்சோதி. பூச்சியின் பெயரைச் சொல்லும்போது ரயில் என்ற சொல்லில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதிகாரி தலையசைத்து எழுதிக்கொண்டார்.

நாளுக்கொரு பூச்சி, பெயரோடு வரவேண்டும். அப்படி வந்துகொண்டிருக்கும்வரை, கூலிம் ஊர் லாக்கப்பில் இருக்கும் மருதம்மாளின் புருஷன் ராமையாவை, போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்புவதில்லை. இதுதான் அதிகாரி கொடுத்த வாக்கு.

"பூச்சிப் பேரு தீந்துட்டா எனக்கும் இங்க மொழிபெயர்க்கிற வேலை தீந்துச்சாம், தங்கச்சி" என்று வாக்குக் கொடுத்த அன்றைக்கே பரஞ்சோதி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

ஒரு மாதம்கூட அந்த வாக்கு தாங்கவில்லை. மேலிடத்து உத்தரவு வந்தது. ரயில் பாதைக்குப் போகிறவர்கள் பட்டியலில் ராமையாவின் பெயரை எழுதியதே பரஞ்சோதியின் கைதான். அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. புருஷனுக்கென்று அவள் கொடுத்தனுப்பும் மரவள்ளிக்கிழங்குப் பொட்டலமும் இப்போதெல்லாம் வருவதில்லை. தோட்டத்தில் கிழங்குக்கும் பஞ்சம்போல என்று நினைத்துக்கொண்டார்.

இன்று மனசு கேட்கவில்லை. ஆபீசை விட்டு அவள் பின்னாலேயே இறங்கி வந்தார்.

"இனிமே பூச்சி பிடிக்க வேணாம் தங்கச்சி. ராமையாவை லாரியில ஏத்திட்டாங்க. நான்தான் மறைச்சுட்டேன். பாவி நான்."

மருதம்மாள் அழவில்லை. மங்கின் விளிம்புவரை ஊர்ந்து வந்துவிட்ட பூச்சியை விரலால் மெல்ல உள்ளே தள்ளினாள்.

"தெரியும்ணே. பத்து நாளாச்சு. அதான் கிழங்கு கொண்டாரல."

"அப்புறம் எதுக்கு தாயி தெனமும் வந்தே?"

"பேரு தீந்துட்டா, அடுத்த லாரி உங்களுக்குத்தானேண்ணே."