இடுப்பு உயரத்தில்

மாமியாரை மூத்த மருமகள்தான் கவனிக்காமல் விட்டுச் சாகடித்தாள். இளையவளுக்கு அதில் கடுகளவும் சந்தேகம் இல்லை. கடைசி நாளில் முதுகில் இருந்த படுக்கைப் புண்ணை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னாலேயே அதைச் சொல்லியும் விட்டாள். மூத்தவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனத்தையே எல்லோரும் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

கணவன்மாரில் அண்ணனுக்கு லாரியில் வேலை, தம்பிக்குக் கப்பலில். இருவரும் லீவில் வந்து வீட்டின் நடுவே சுவர் எழுப்பிவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு நின்றது. மாமியார் படுத்திருந்த அறை இளையவள் பங்குக்கு வந்தது.

இளையவளுக்குப் பகலெல்லாம் பல் செட் செய்யும் லேப்பில் குனிந்த தலை நிமிராத வேலை. விடிந்ததும் விடியாததுமாக ஸ்கேட்டிங். மாமியார் படுக்கையில் கிடந்த காலத்திலும் அவள் அதை விடவில்லை. இந்த முறை மாரத்தான் தூரப் போட்டிக்கே பெயர் கொடுத்திருந்தாள்.

இடுப்புதான் ஒத்துழைக்கவில்லை. பாதித் தூரத்திலேயே அடிமுதுகு கல்லாக இறுகிவிடும். வீட்டுக்கு வந்தால் ஷூவைக் கழற்றக் குனிய முடியாது.

பிசியோதெரபிஸ்ட் பெண் அவளை ஸ்கேட்டில் ஓடவிட்டுப் பார்த்தாள். முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கி இடுப்பிலிருந்து சாய், நடுநடுவே நிமிர்ந்துகொள் என்றாள். வயிற்றுக்கும் தொடைக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். தூரத்தை ஒரேயடியாகக் கூட்டாதே என்றாள். கிளம்பும்போது வாசல்வரை வந்து ஒன்று சொன்னாள்.

"ரோட்டுல ஒழுங்கா இருந்துட்டு, வீட்டுல கீழ இருந்து கண்டதையும் குனிஞ்சு தூக்கினா அத்தனையும் வீண்."

மற்றதையெல்லாம் கேட்டுக்கொண்ட இளையவள் இதை மட்டும் காற்றில் விட்டாள். வீட்டை மாற்றி அடுக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

வீடு தானாகவே மாற ஆரம்பித்தது.

ஒரு காலை பயிற்சி முடித்து வந்தால், தரையில் இருந்த தண்ணீர் கேன் மேடைமேல் இருந்தது. இன்னொரு நாள், கீழ்த்தட்டில் இருந்த மளிகை டின்களெல்லாம் இடுப்பு உயரத் தட்டுக்கு ஏறியிருந்தன. துணி ஊறும் வாளி ஸ்டூலில் ஏறி உட்கார்ந்திருந்தது. வாசல் கதவு பூட்டியது பூட்டியபடி.

கணவனிடம் போனில் சொன்னாள். தூக்கக் கலக்கத்தில் நீயே எடுத்து வைத்திருப்பாய் என்று அவன் சிரித்தான். அப்படித்தான் இருக்கும் என்று அவளும் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பிறகு அந்தப் பாய்.

உடற்பயிற்சிக்கு விரிக்கும் பாயை மாமியார் அறையில் சுருட்டி வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அது விரிந்து கிடந்தது. நடுவில் ஓர் ஆள் படுத்த பள்ளம். கையை வைத்துப் பார்த்தாள்.

வெதுவெதுவென்று இருந்தது.

அதே இடத்தில்தான் மாமியார் வருஷம் முழுக்க மல்லாந்து கிடந்தாள்.

அன்றிலிருந்து இளையவள் முகத்துக்கு சோப்பு போடும்போதுகூடக் கண்ணை மூடுவதில்லை. பெரிய வேடிக்கை, இடுப்பு வலி குறைந்துகொண்டே வந்தது. யாரோ நல்லதுதான் செய்கிறார்கள் என்று நினைத்தாலோ பயம் இன்னும் கூடியது. மாமியார் தேடி வந்து நல்லது செய்யும்படி அவள் அப்படி என்ன செய்துவிட்டாள்?

ஒரு காலை பனிமூட்டம் பாதையை மூடிவிட்டது. பாதியிலேயே திரும்பினாள். பூட்டு அப்படியே இருந்தது. கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் காதில் விழுந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இழுத்து விடும் மூச்சு.

மாமியார் அறையிலிருந்து.

கதவு ஒருக்களித்திருந்தது. அரை இருட்டில், பாயின் மேல் மடங்கிய முழங்கால்கள் இரண்டு மட்டும் தெரிந்தன. அவை மெல்ல ஆடி ஒரு பக்கமாகச் சாய்ந்தன.

"அத்தை" என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

"விளக்கைப் போடு," என்றது குரல். "எந்திரிக்க முடியல."

விளக்கைப் போட்டாள். மூத்தவள் வேர்வையில் நனைந்து கிடந்தாள். பக்கத்தில், இளையவள் பயிற்சித் துணிகளை வைக்கும் இரும்புப் பெட்டி, மேசைக்கடியிலிருந்து பாதி வெளியே வந்து நின்றது.

பயம் போன வேகத்தில் கோபம் வந்தது. எப்படி உள்ளே வந்தாய், ஆளைப் பயமுறுத்தி வீட்டைப் பிடுங்கப் பார்க்கிறாயா என்று கத்தினாள்.

மூத்தவள் பின்கதவுச் சாவியை நீட்டினாள். மாமியார் கொடுத்தது, இனி நீயே வைத்துக்கொள் என்றாள். தூக்கி வைத்த களைப்பில் முன்பும் ஒரு தடவை இங்கேயே படுத்துவிட்டதாகச் சொன்னாள்.

"தினம் நீ எந்திரிக்கிறப்ப முனகுறது சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்குது. அது என்ன வலின்னு எனக்குத் தெரியும். சொல்லலாம்னா, நாமதான் பேசறதில்லையே."

இளையவள் கை கொடுத்துத் தூக்கினாள். இன்னொரு கையால் இடுப்பைத் தாங்கியபோது விரல்களில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. துணிக்கு அடியில், இரும்புப் பட்டை வைத்துத் தைத்த பெல்ட்.

"இது எப்ப இருந்து அக்கா?"

மூத்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள்.

"அத்தையை ஒத்தையாளா புரட்டிப் புரட்டிப் படுக்க வெச்சதுல வந்தது. கடைசி வாரம் இடுப்பு அடியோட பிடிச்சுக்கிச்சு, அத்தையைப் புரட்ட முடியல. உன்னைக் கூப்பிடறேன்னு சொன்னேன். 'பயிற்சிக்குப் போற பிள்ளை, விட்டுடு'ன்னு அத்தைதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."