உதட்டு ஓட்டை

மலைகளுக்கு நடுவே கிடந்த ஏரியில் ஒரு விரால் இருந்தது. அதன் உதட்டில் ஓர் ஓட்டை. எதிர்ப்படும் மீனிடமெல்லாம் அதைக் காட்டாமல் விடாது.

“போன வருஷம் லாட்ஜுக்கு வந்தவங்க என்னைத் தூண்டில் போட்டுத் தூக்கினாங்க. ரெண்டு கையாலயும் ஏந்திப் பிடிச்சு போட்டோ எடுத்தாங்க. அப்புறம் பதமா தண்ணியிலேயே விட்டாங்க. இங்க வேற யாருக்காவது அந்த மரியாதை கிடைச்சிருக்கா?”

கேட்டுக் கேட்டு அதன் கூட்டாளி விராலுக்கு வயிறு எரிந்தது.

அன்று காலை லாட்ஜிலிருந்து நான்கு நண்பர்கள் படகில் வந்தார்கள். அவர்கள் தூண்டிலில் கோத்து வீசிய ரப்பர் தவளை தாமரை இலைகளுக்கு நடுவே துள்ளித் துள்ளி வந்தது.

“போடா, உன்னைத்தான் கூப்பிடுறாங்க,” என்றது பாறைக்கடியில் இருந்தபடியே ஓட்டை உதடு.

“போன வருஷம் கரையில அடுப்பு இல்லையே,” என்றது பக்கத்தில் சேற்றில் கிடந்த ஒரு கெளுத்தி மீன். “இன்னிக்குப் புகை தெரியுது.”

“குளிருக்கு மூட்டியிருப்பாங்க. பயந்தா நீ சேத்துலயே கெட.”

தவளை நின்றது. கூட்டாளியும் அசையாமல் நின்றது. தவளை லேசாக ஒருமுறை உதறியதும் கூட்டாளி பாய்ந்தது.

தண்ணீர் கலங்கியது. மேலே ஒரே ஆரவாரம். படகு கரைக்குத் திரும்பியது.

வெயில் உச்சிக்கு வந்தது. கூட்டாளி வரவில்லை.

“இன்னும் காணோமே?” என்றது கெளுத்தி.

“பெரிய உடம்பு. நாலு பேரும் தனித்தனியா போட்டோ எடுக்க வேண்டாமா?”

அப்போது கரைப்பக்கமிருந்து செதில்கள் மின்னி மின்னி மிதந்து வந்தன. கெளுத்தி ஓட்டை உதட்டையே பார்த்தது.

“பூத் தூவுறாங்க,” என்று சொல்லிவிட்டு, ஓட்டை உதடு பாறைக்கடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.