கோலாலம்பூர் லைனில் இருக்கிறது

“கோலாலம்பூர் லைன்ல இருக்கு. வாயை மூடிக்கிட்டு நில்லு” என்றார் மலாக்கா குடியுரிமை அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கிராணியார், டெலிபோன் ரிசீவரைக் காதில் வைத்தபடி.

பூங்காவனம் வாயைத் திறந்திருக்கவே இல்லை.

காலையிலிருந்து அவள் அந்த மேசைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் வந்தவர்களெல்லாம் வேலை முடிந்து போய்விட்டார்கள்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அரசாங்க விடுதி ஒன்றில் அவள் துணி வெளுத்து வந்தாள். குடியுரிமை இல்லாதவர்களுக்கு இனி அங்கே வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் பிறந்தது திருவாரூர்ப் பக்கம். கழுத்தில் தாலியோடு கப்பலேறி வந்தவள். இப்போது மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தாள்.

புருஷன் இந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் பெண்டாட்டிக்கும் உரிமை உண்டு என்று தமிழர் சங்கத்துக்காரர்கள் வீடு வீடாக வந்து சொன்னார்கள். மனுவையும் அவர்களே எழுதினார்கள். புருஷன் பெயரைக் கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“இங்கேயே பொறந்தவரு. மலாக்காவுலதான் இருக்காரு” என்பதற்கு மேல் அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. அவர்களும் அதையே எழுதி அனுப்பினார்கள்.

பெயர் இல்லாத மனுவைப் பார்த்த கோலாலம்பூர், ஊர் அலுவலகம் விசாரிக்கட்டும் என்று அதை மலாக்காவுக்குத் தள்ளியது. அது தங்கள் வேலை இல்லை என்று மலாக்கா திருப்பித் தள்ளியது. அங்கிருப்பவர்கள் கண்ணுக்கு இங்கிருப்பவர்கள் சோம்பேறிகள். இங்கிருப்பவர்கள் கண்ணுக்கு அவர்கள் திமிர் பிடித்தவர்கள். இப்படி எத்தனையோ பேருடைய மனுக்கள் தபாலிலேயே காலம் கழிப்பதைப் பார்த்து, கடைசியில் மேலிடம் ஓர் உத்தரவு போட்டது. சிக்கலான மனு என்றால், ஆளை மேசைக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு இரண்டு அலுவலகங்களும் டெலிபோனில் பேசி அங்கேயே முடிக்க வேண்டும்.

அப்படித்தான் அவளுக்கு அழைப்பு வந்தது.

மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்ததும் அவளுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

கிராணியார் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அதோடு சரி. பிறகு ஏச்சுதான்.

“இந்த மாதிரி ஆளுங்களையெல்லாம் மறுபடியும் கப்பல்ல ஏத்தி விட்டாத்தான் ஆபீஸ் உருப்படும்” என்று பக்கத்து மேசை தேவதாஸைப் பார்த்துச் சொன்னார். தேவதாஸ் சிரித்தார்.

டெலிபோனில் பேசியவர் பொன்னுதுரை, கோலாலம்பூரில் பெரிய அதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய குரல் ரிசீவருக்கு வெளியேயும் கேட்டது. ஆங்கிலத்தில் தொடங்கிய பேச்சு, இருவருக்கும் கோபம் ஏற ஏறத் தமிழுக்கு வந்துவிட்டது.

“விசாரிச்சாச்சு சார். அப்படி ஒரு ஆளே மலாக்காவுல இல்ல. இவ பொய் சொல்றா. பைலை மூடிடலாம்.”

“போன கிழமை விசாரிக்க ஏலாது எண்டு எழுதினீர். இப்ப ஆளே இல்லை எண்டு சொல்லுறீர். எது உண்மை?”

“நான் இந்த ஊர்லயே பொறந்தவன் சார். எனக்குத் தெரியாதா?”

பொய்க்காரி என்று பூங்காவனத்தை இதுவரை யாரும் சொன்னதில்லை. நாலு பேர் கேட்க, ஊர் விட்டு ஊர் கேட்க, அதைச் சொன்ன வாயையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உம்மோட எனக்குக் கதை வேண்டாம்” என்றது கோலாலம்பூர். “அந்தப் பிள்ளையிட்ட போனைக் குடும்.”

கிராணியார் ரிசீவரின் வாயைக் கையால் பொத்தினார்.

“பேரு கேப்பாரு. எங்க, சொல்லு பாப்போம்” என்றார் அடிக்குரலில். அவள் சொல்ல மாட்டாள் என்ற நிச்சயம் அவர் முகத்திலேயே இருந்தது.

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ரிசீவரில் தலைக்குத் தேய்த்த எண்ணெய் வாசனை அடித்தது.

“பிள்ளை, பயப்பிடாமச் சொல்லும். உம்மட மனுசன்ர பேர் என்ன?”

பெண்டாட்டி வாயால் பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் அம்மா அவளைக் கப்பலேற்றி அனுப்பினாள். அவர் விட்டுப் போய் ஒண்டியாகக் கிடந்த நாட்களில்கூட, வாய் தவறியும் அவள் அதைச் சொன்னதில்லை.

குறையட்டும் என்று நினைத்தாள்.

“கலியாணசுந்தரம்.”

தேவதாஸின் சிரிப்பு நின்றது.

“சரி. அவர் இப்ப எங்க இருக்கிறார்?”

“இப்ப எங்கிட்ட போனைக் குடுத்தாரே” என்றாள் பூங்காவனம், “அவருதாங்க.”