அறுபதுக்குக் குறையாமல்

நானூறு பேரைக் காணவில்லை. ஒருவர் இருவர் அல்ல, ஒரு குடியிருப்பு முழுக்க. அதுவும் ஒரே நாளில்.

புதன்கிழமை வரை இருந்தார்கள். வியாழக்கிழமை இல்லை. அதற்கு இருந்த ஒரே சாட்சி, தூசி மேடத்தின் மேஜையில் விரிந்து கிடந்த ஐம்பது வருடப் பழைய தபால் பதிவேடு.

ஆவணக் காப்பகத்தில் அவளுக்கு அந்தப் பெயர்தான். மறைந்துபோன சிற்றூர்களையும் மூடப்பட்ட தபால் நிலையங்களையும் தேடிப் பட்டியல் போடுவது அவள் வேலை. மூன்று வருடமாக மூக்கில் கைக்குட்டையோடு அலைந்து முன்னூற்றுப் பன்னிரண்டு ஊர்களைக் கண்டுபிடித்துவிட்டாள். மலைமேல் இருந்த இந்த மரம்வெட்டும் முகாம் மட்டும் பிடிகொடுக்காமல் அவளை ஆட்டிவைத்தது.

கிடைத்தது இந்த ஒரு பதிவேடுதான். அதிலும் தினம் எத்தனை கடிதம் போடப்பட்டது என்ற எண்ணிக்கை மட்டுமே. அறுபத்திரண்டு, அறுபது, அறுபத்தொன்று. அடைமழை மாதத்தில்கூட அறுபதுக்குக் கீழே இறங்கவில்லை. அட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த சுற்றறிக்கையை அவள் படிக்கவில்லை. எல்லாப் பதிவேட்டிலும் ஒட்டியிருக்கும் சமாச்சாரம், அதை யார் படிப்பார்கள்?

ஏழு பேருக்கு ஒரு கடிதம் என்பது காப்பகத்தில் வழிவழியாக வந்த கணக்கு. அப்படிப் பார்த்தால் அங்கே நானூறு பேருக்கு மேல் இருந்திருக்க வேண்டும். ஆனால் கடைசிப் பக்கத்தில் புதன், அறுபத்தொன்று. வியாழன், ஒன்றுமில்லை. வெள்ளி, ஒன்றுமில்லை. அந்த மாதத்தோடு நிலையத்தையே மூடியிருந்தார்கள்.

வெள்ளமா, தீயா, கொள்ளைநோயா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடினால், முகாம் வருவதற்கு முன்னால் ஒருமுறை எடுத்திருக்கிறார்கள், போன பிறகு ஒருமுறை எடுத்திருக்கிறார்கள். மருத்துவமனை ஏட்டில் இல்லை, இடுகாட்டு ஏட்டிலும் இல்லை. வனத்துறையில் கேட்டால், கரையான் தின்றுவிட்டது என்று கையை விரித்தார்கள். நானூறு பேர் போயும் ஒரு வரி எழுதிவைக்க ஆளில்லையே என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இயக்குநருக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. பட்டியல் அன்று மாலை ஐந்து மணிக்கு அச்சுக்குப் போகிறது. ஆதாரம் இல்லாத ஊரை அடித்துவிடச் சொல்லிக் காலையிலிருந்து மூன்று முறை ஆளனுப்பினார். நான்காவது முறை அவரே வந்து நின்றார்.

“காணாமப் போனவங்களைத் தேட போலீஸ் இருக்கு மேடம். நமக்கு லிஸ்ட் முடிஞ்சாப் போதும்.”

ஐந்து மணிக்கு இன்னும் அரை மணி இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி அனுப்பிவைத்தாள்.

அவர் போன கையோடு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். செய்தித்தாளில் அவள் கொடுத்திருந்த விளம்பரத்தை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாராம். அவருடைய அப்பாதான் அந்த முகாமின் கடைசி போஸ்ட்மாஸ்டராம். அப்போது இவருக்குப் பன்னிரண்டு வயது. உட்காரச் சொல்லியும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

“இதுக்கு இப்போ கேஸ் ஏதாவது போடுவீங்களாம்மா?”

தூசி மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்படியானால் நோயும் இல்லை, வெள்ளமும் இல்லை. வழக்கெல்லாம் வராது, நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்று பேனாவைத் திறந்தாள். 

“தப்புதான். அப்பா செய்யச் சொன்னார், செஞ்சோம். நாங்க சின்னப் பிள்ளைங்க.”

“நானூறு பேரையுமா சார்?”

“எந்த நானூறு பேரு?”

அவள் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள். அவர் எண்களின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கம்பெனிக்காரங்க மரத்தை வெட்டி முடிச்சுக் கிளம்பி அப்பவே ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. மேல இருந்தது நாங்க அஞ்சே பேரு.”

மெல்ல மெல்ல மீதியும் வந்தது. அம்மா படுத்த படுக்கை. அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினம் ஊசி போட நர்ஸ் ஏறி வந்தது தபால் வண்டியில்தான். தினம் அறுபது கடிதம் சேராத நிலையத்தை மூடிவிடுவார்கள், மூடினால் வண்டியும் வராது. சும்மா எண்ணை எழுதிவைத்து ஏய்க்கவும் முடியாது, கீழே பையைத் திறந்து எண்ணுவார்கள். அதனால் அப்பா, இரண்டு அக்கா, இவர் என்று நாலு பேரும் ஆளுக்குப் பதினைந்து கார்டு வீதம், உலகத்திலேயே இல்லாத ஆட்களுக்கெல்லாம் நலம் விசாரித்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

தூசி மேடம் அட்டையைத் திறந்தாள். சுற்றறிக்கையின் மூன்றாவது வரியிலேயே அந்த அறுபது இருந்தது. இந்த ஒரு முகாமுக்காக இடுகாட்டு ஏடுகளில் குடியிருந்தது அத்தனையும் தண்டம். அழுவதா, பதிவேட்டைத் தூக்கிச் சுவரில் அடிப்பதா என்று தெரியாமல், பட்டியலை இழுத்து அந்த ஊரை அடிக்கப் பேனாவை வைத்தாள்.

வைத்தவளுக்கு அந்தக் கடைசிப் பக்கம் மனதைவிட்டுப் போகவில்லை. எரிச்சல் அடங்காமலேயே கேட்டாள்.

“தினம் தவறாம எழுதினவங்க, அந்த வியாழக்கிழமை மட்டும் ஏன் சார் நிறுத்தினீங்க?”

அவர் விளம்பரத் தாளை மறுபடியும் நாலாக மடித்தார்.

“புதன்கிழமை சாயங்காலம் அம்மா போயிட்டாங்க.”