முந்தைய பக்கம்

காரைக்காலில் ஒரு பிரவுசிங் சென்டரில் தீபாவுக்கு வேலை. ஓய்ந்த நேரத்தில் தன் ஊரான கோட்டுச்சேரிமேட்டின் மீன்பிடிப் படகுகளுக்காக ஓர் இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தாள். பதினொரு படகுகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘கரை வந்தது’ என்றொரு கட்டம். படகு கடலில் இருக்கையில் அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கவே கூடாது, அபசகுனம் என்று அண்ணி விசாலாட்சி கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால் தீபா எல்லாவற்றிலும் முன்கூட்டியே ‘வந்தாச்சு’ என்று அடித்து வைத்திருந்தாள்.

அன்று காலை, முந்தைய பக்கத்துக்குப் போகும் பொத்தானுக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதினாள். அந்த ஜன்னலில் அதுவரை பார்த்த பக்கங்களின் எண்ணிக்கையும் பொத்தானுக்கு அருகிலேயே தெரியும்படி செய்தாள். புதிதாகத் திறந்த பிரவுசர் ஜன்னலில் ஒன்று என்று வர வேண்டும். இரண்டு என்று வந்தது. மூடிவிட்டுத் திறந்தாள். மறுபடியும் இரண்டு.

பொத்தானை அழுத்தினாள். அதே பட்டியல்தான் வந்தது. அண்ணன் முத்துக்குமரனின் படகுக்கு எதிரே மட்டும் கட்டம் காலியாக இருந்தது. அப்படியொரு பக்கத்தை அவள் செய்யவே இல்லை.

அண்ணிக்குப் போன் போட்டாள்.

“அண்ணி, படகெல்லாம் வந்திருச்சா?”

“பதினொண்ணும் வந்திருச்சு தீபா. ஒங்கண்ணன் ஒன்னப் பாக்கத்தான் கெளம்பியிருக்காரு.”

அரை மணி நேரத்தில் அண்ணன் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அவள் பதறிப்போய் ஜன்னலை மூடப் போனாள்.

“இருக்கட்டும்மா” என்றான். குனிந்து காலிக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“சரியாத்தான் போட்டிருக்க.”