பக்கத்து அறை

உள்ளே போவதா, அப்படியே திரும்பிவிடுவதா என்று அவள் கேட் அருகே தயங்கி நின்றாள்.

அதற்குள் வாட்ச்மேன் எழுந்து வந்துவிட்டார்.

குடியை விடுகிறவர்கள் கூடும் கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டாள். கேள்வியில் பாதிதான் வெளியே வந்தது. அவருக்கு அந்தப் பாதியே போதுமாக இருந்தது. சர்ச்சுக்குப் பின்னால், பழைய பள்ளிக்கூடக் கட்டடம் என்று கை காட்டினார். அவளுடைய தாலியையும் முகத்தையும் பார்த்தார்.

"மனசு விடாதம்மா. இங்க வந்து எத்தனையோ ஆம்பளைங்க திருந்தியிருக்காங்க. உன் வீட்டுக்காரரும் திருந்திடுவாரு."

அவள் தலையாட்டினாள்.

வீட்டுக்காரருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அவளுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவள் கணவர் தயாளன் மலைக்கோட்டைக்குப் போய்விடுவார். போன மாதம் தொடங்கிய வழக்கம். இன்றும் அவர் கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலோரம் நின்றிருந்துவிட்டுத்தான் அவள் புறப்பட்டாள். காலையிலிருந்து குடிக்கவில்லை. விரல்கள் தாமாக ஆடின. முந்தானையைச் சுற்றி அவற்றை மறைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தைச் சொன்னது டாக்டர். ரத்த வாந்தியோடு அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, தயாளனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் சொன்னார். பிறகு அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தயாளனோடு பேசினார். என்ன பேசினார்கள் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் சொல்லாமல் விடுவது எல்லோருக்கும் பழகிவிட்டிருந்தது.

கட்டடத்தில் இரண்டு அறைகளில் விளக்கு எரிந்தது. முதல் அறையில் ஆண்கள் மட்டும். நரைத்த மீசைக்காரர் ஒருவர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரோ இன்னாசி அண்ணே என்று கூப்பிட்டார்கள். வாசலில் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த நாற்காலியை வைத்துவிட்டு விரைந்து வந்தார். அவள் வாயைத் திறக்கும் முன்பே, குடும்பத்தாருக்குப் பக்கத்து அறை என்று பணிவாகச் சொன்னார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. நெஞ்சு லேசானது. அப்படி லேசானதே கூசவும் செய்தது.

மனைவிமார்களோடு போய் உட்கார்ந்துவிடலாம். அவர்கள் அழும்போது கூட அழலாம். யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு வீட்டுக்குப் போய்விடலாம். வந்து பார்த்தாயிற்று என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளலாம்.

பக்கத்து அறையின் கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே எல்லாம் பெண்கள். நடுவில் ஓர் ஆணின் முதுகு.

அந்தச் சட்டை அவளுக்குத் தெரிந்தது. காலையில் அவள்தான் இஸ்திரி போட்டாள்.

"ஆட்டோ ஓட்டுற தம்பி ஒருநாள் என்னைத் தனியா கூப்பிட்டாரு," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "'அக்கா உங்களுக்குன்னு சொல்லி வாங்கியாரச் சொல்றாங்க சார். எனக்கே மனசு கேக்கல. கொஞ்சம் குறைச்சுக்குங்க'ன்னாரு. நான் ஒரு சொட்டு வாயில வெச்சதில்ல. சரிப்பா, குறைச்சுக்கிறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் மகளைப் பற்றிச் சொன்னார். கல்லூரி விடுமுறைக்குக்கூட வராமல் ஹாஸ்டலிலேயே தங்கிவிடுகிறாள். தான் மட்டும் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். அம்மா என்னைப் பத்திக் கேட்பாங்களா என்று போனமுறை அவள் கேட்டாளாம். தினமும் உன் பேச்சுதான் என்று சொன்னாராம்.



கடைசியாக மகளைப் பற்றி எப்போது விசாரித்தோம் என்று கதவுக்கு வெளியே அவள் யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. முகம் மட்டும் வந்தது. அதுவும் பள்ளிச் சீருடையில், பழைய முகம்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். இப்படி ஊருக்கெல்லாம் என்னைப் பற்றிச் சொல்கிறீர்களா என்று அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அந்தக் கோபத்திலேயே இன்று இரவு குடித்துவிடலாம்.

அவர் திட்டவில்லை.

"அவ நல்லவ," என்றார். அவ்வளவுதான்.

அவள் சுவரைப் பிடித்தபடியே பின்வாங்கினாள். உள்ளங்கையெல்லாம் சுண்ணாம்பு ஒட்டியது.

முதல் அறையில் கூட்டம் தொடங்கிவிட்டிருந்தது. அவள் நிழல் விழுந்ததும் இன்னாசி மறுபடி எழுந்து வந்தார். வழி தெரியாமல் திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, பக்கத்து அறையைக் காட்டினார்.

"அந்த ரூம்தாம்மா. தைரியமா போங்க."

"அங்க என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்காரு."

இன்னாசி அவளைப் பார்த்தார். முந்தானைக்குள் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தார்.

பிறகு கதவோரமாக ஒதுங்கி நின்றார்.

அவள் செருப்பைக் கழற்றினாள்.